உடல் எடை: குற்றவாளி யார்?

(மீஞ்சூரில் வணிகர்களும் இளைஞர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பருமனான ஓர் இளைஞர் தெருவில் நடந்து வந்தால், "எந்தக் கடையில் அரிசி வாங்குகிறாய்?" என்று நாமே கேலி செய்கிறோம். பெண் பார்க்கப் போன இடத்தில், "பெண் கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறாள்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வருகிறோம். வாயைக் கட்டத் தெரியாதவர்கள்தான் குண்டாகிறார்கள் என்பது நம் தீர்ப்பு. இந்தத் தீர்ப்பு சரியானதா?

பசியை அடக்கும் 'லெப்டின்' என்ற சுரப்பு 1994ல் கண்டறியப்பட்டது. உடலில் உள்ள கொழுப்பே இதைச் சுரந்து, "போதும்" என்று மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. பாகிஸ்தான் வம்சாவளிக் குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு குழந்தைகளை 1997ல் இங்கிலாந்து மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். 8 வயதுச் சிறுமியின் எடை 86 கிலோ. 2 வயதுச் சிறுவனின் எடை 29 கிலோ. பெற்றோர் கண்டித்து வளர்க்காததா காரணம்? இல்லை! பிறவியிலேயே அவர்கள் உடலில் லெப்டின் சுரக்கவில்லை. அந்தச் சிறுமிக்கு அதை ஊசி மூலம் செலுத்தியதும் பசி அடங்கியது, எடையும் குறைந்தது.

இத்தகைய குறை மிக மிக அரிது. ஆனால் நம் எல்லோருடைய எடையிலும் பிறப்புக்குப் பங்குண்டு. தனித்தனி வீடுகளில் வளர்ந்த இரட்டையர்களை ஸ்வீடனில் ஆராய்ந்து 1990ல் முடிவை வெளியிட்டார்கள். வளர்த்த வீடு வேறானாலும், ஒரே கருவில் பிரிந்த இரட்டையர்களின் உடல்வாகு பெரிதும் ஒத்திருந்தது.

"அப்படியானால் எல்லாம் பிறவிப் பயன்தானே" என்று பிரியாணித் தட்டை முன்னால் இழுத்துக்கொள்ளலாமா? அவசரப்படாதீர்கள். லண்டனில் குடியேறிய பஞ்சாபியர்களையும், ஊரிலேயே தங்கிவிட்ட அவர்களுடைய உடன்பிறப்புகளையும் ஒப்பிட்டு 1995ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஒரே தாய் தந்தைக்குப் பிறந்தவர்கள்தாம். ஆனால் லண்டனில் இருந்தவர்களுக்கே எடை அதிகம். ரத்தம் ஒன்று, ஊர் வேறு! பிறப்பு விதை என்றால் வாழும் இடம் மண். இரண்டும் சேர்ந்துதான் விளைச்சல்.

நம் மண் எப்படி மாறியிருக்கிறது? அத்திப்பட்டு, எண்ணூர், காட்டுப்பள்ளி, கும்மிடிப்பூண்டி என்று அனல் மின் நிலையமும் துறைமுகமும் தொழிற்சாலைகளும் வந்துவிட்டன. வயலிலும் உப்பளத்திலும் பழவேற்காடு ஏரியிலும் உடலால் உழைத்தது ஒரு தலைமுறை. அடுத்த தலைமுறை இரவு ஷிப்டில் கண் விழிக்கிறது. தூக்கம் கெட்டால் பசியைத் தூண்டும் சுரப்பு கூடுகிறது. வியாபாரியோ காலை முதல் இரவு வரை கல்லாவை விட்டு எழுவதில்லை. கடை சாத்திய பிறகு பரோட்டா, உடனே படுக்கை. நடக்கலாம் என்றால் சாலை முழுக்கக் கன்டெய்னர் லாரிகள். நம் பெண்கள் நடக்க இடம் எங்கே?

விளைவு? மத்திய அரசின் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் அதிக எடை கொண்ட பெண்கள் 2015-16ல் 100க்கு 31 பேர். 2019-21ல் 40 பேர். ஆண்கள் 28லிருந்து 37 ஆனார்கள். ஐந்தாறு ஆண்டுகளில் நம் பிறவிக் குணம் மாறிவிடுமா? மாறியது சூழல்!

"நான் ஒல்லிதானே" என்று நிம்மதியாக இருப்பவர்களும் கேளுங்கள். புனேயைச் சேர்ந்த டாக்டர் யாக்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கினும் தங்களையே அளந்து பார்த்து 2004ல் வெளியிட்டார்கள். உயரத்துக்கேற்ற எடைக் கணக்கில் இருவரும் சமம். ஆனால் உடல் கொழுப்பு லண்டன்காரருக்கு 9 சதவீதம், நம்மவருக்கு 21 சதவீதம்! கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளும் உடல்வாகு நம்முடையது. ஆகவே தராசை மட்டும் நம்பாதீர்கள், இடுப்பையும் அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. அதைத் தாண்டினால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பாருங்கள்.

நம்பிக்கை தரும் செய்தியும் நம் சென்னையிலிருந்தே வந்தது. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் கண்காணித்து 2006ல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கம்போல் வாழ்ந்தவர்களில் மூன்றாண்டுக்குள் 100க்கு 55 பேருக்கு நோய் வந்தது. நடையும் உணவுக் கட்டுப்பாடும் மேற்கொண்டவர்களில் 39 பேருக்கே வந்தது. இத்தனைக்கும் அவர்களின் எடை பெரிதாகக் குறையவில்லை! தராசு முள் அசையவில்லையே என்று நடையை நிறுத்திவிடாதீர்கள்.

சகோதரர்களே! செய்ய வேண்டியவை நம் கையில் இருக்கின்றன. கல்லாவில் இருப்பவர் மணிக்கொருமுறை எழுந்து நடக்கட்டும். நோன்பு திறக்கையில் கஞ்சியும் பழமும் போதும், பஜ்ஜியும் சர்பத்தும் குறையட்டும். பள்ளிக்கூடத்தின் 50 மீட்டருக்குள் கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த தின்பண்டங்களை விற்கக் கூடாது என்று 2020ல் விதி வந்தது. அரசு அதிகாரி வந்து சொல்லும்வரை காத்திராமல் நம் கடைக்காரர்களே அதற்கு முன்னோடியாகட்டும். பெண்களும் பிள்ளைகளும் அச்சமின்றி நடக்கப் பாதையும் திடலும் கேட்டு இளைஞர்கள் பேரூராட்சியில் மனுக் கொடுக்கட்டும்.

எல்லாவற்றுக்கும் முன்பாக, அந்தக் கேலியை இன்றோடு நிறுத்துவோம். கேலியால் ஒருவருக்கும் ஒரு கிலோகூடக் குறைந்ததில்லை. பருமனான தம்பியைப் பார்த்துச் சிரிப்பதை விட்டு, "வா, சேர்ந்து நடப்போம்" என்று அழைப்போம். அழைப்பீர்களா?