பழைய களைப்பாயைப் பதம் பார்த்து எடுங்கள்

அவனியாபுரம் சுற்றுவட்டாரத்தில் மல்லிகை வைத்திருக்கும் பூந்தோட்டக்காரர்களுக்கு ஒரு சங்கதி சொல்ல வந்திருக்கிறேன். காய்கறி போடுகிறவர்களுக்கும், வீட்டுக் கொல்லையில் நாலு செடி வைத்திருக்கும் தாய்மார்களுக்கும் இது பொருந்தும்.

களை எடுக்க ஆள் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் கூலி கட்டவில்லை என்று செடி வரிசைகளுக்கு நடுவே கறுப்புப் பாய் விரித்தோம். கடையில் 'வீட் மேட்' என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த நெய்த பாயைத்தான் சொல்கிறேன். முதல் இரண்டு வருஷம் நிம்மதிதான். வெளிச்சம் படாமல் களை வெளுத்துச் செத்தது, ஈரமும் நின்றது. அதை நான் மறுக்கவில்லை.

அப்புறம் என்ன ஆச்சு? காற்றில் வந்த மண்ணும், உதிர்ந்த இலையும் பாய்க்கு மேலே படிந்து மக்கின. அந்த மண்ணிலேயே புல் முளைத்து, வேரைப் பாய்க்குள் விட்டுப் பின்னிக்கொண்டது. கோரையைச் சொல்லவே வேண்டாம். ஊசி மாதிரி முனையால் பாயைக் குத்திக்கொண்டு மேலே வந்துவிடும். வெயில் பட்ட இடமெல்லாம் பாய் நைந்து நூல் நூலாகப் பிரிகிறது. களையைத் தடுக்கப் போட்ட பாயே இப்போது களை வளரும் மெத்தை.

இதைவிடப் பெரிய நஷ்டம் கீழே இருக்கிறது. ஏக்கருக்குச் சுமார் 2,500 செடி. ஒரு செடிக்கு வருஷம் 10 கிலோ தொழு உரமும், 60 கிராம் தழைச்சத்து, 120 கிராம் மணிச்சத்து, 120 கிராம் சாம்பல் சத்தும் சிபாரிசு. அதில் பாதியைக் கவாத்து சமயத்திலும், மீதியை ஜூன், ஜூலையிலும் மண்ணில் இட்டுக் கிளறி மூட வேண்டும். பாய் கிடந்தால் எப்படிக் கிளறுவது? எருவைப் பாய் மேலே கொட்டினால் களைக்குத்தான் விருந்து.

நான் செய்த தப்பைச் சொல்கிறேன், நீங்கள் செய்யாதீர்கள். ஒரு பங்குனி மாத வெயிலில் பாயின் முனையில் கயிறு கட்டி டிராக்டரில் மாட்டி இழுத்தேன். அரை நாளில் வேலை முடியும் என்று கணக்கு. பாயோடு சேர்ந்து மல்லிகையின் மேல்வேர்களும் பிய்ந்து வந்தன. மறுநாளே அந்த வரிசை துவண்டது. அந்தப் பருவத்துப் பூ போயிற்று. மண்ணில் தங்கிய கிழிசலை ரோட்டவேட்டர் விட்டு ஓட்டினேன். அது விரல் நீளத் துண்டுகளாகத் தோட்டம் முழுக்கப் பரவியது. இன்றைக்கும் மழை பெய்து ஓய்ந்தால் கறுப்பு நூல் மேலே வருகிறது, குனிந்து பொறுக்கிக்கொண்டிருக்கிறேன்.

அதனால் முதல் விதி இது: பாய் நையும் முன்பே எடுங்கள். ஓரத்தில் ஒரு சாண் தூக்கி இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். தாங்கினால் முழுசாகச் சுருட்டலாம். பொடிந்தால் இனி ஒரு வெயில் காலம்கூட விட்டுவைக்காதீர்கள்.

எப்போது எடுப்பது?

கவாத்து சமயம்தான் தோது. நவம்பர் கடைசி வாரத்திலிருந்து, தரையிலிருந்து ஒரு முழத்துக்குச் சற்று மேலே, அதாவது 50 செ.மீ. உயரத்தில் வெட்டுகிறோம். கிளை மறைக்காது, செடியும் ஓய்வில் இருக்கும். எப்படியும் எரு வைக்க வேண்டிய நேரமும் அதுதான். மழை விட்டு, மண் ஈரமாக இருந்தும் மண்வெட்டியில் ஒட்டாத பதம் வரட்டும். காய்ந்த மண்ணில் வேர் அறும், சேற்றில் பாய் கிழியும். மழை பொய்த்தால் இரண்டு நாள் முன்னதாகத் தண்ணீர் கட்டுங்கள்.

எப்படி எடுப்பது?

முதலில் பாய் மேல் இருக்கும் மண்ணையும் புல்லையும் மட்டமாகச் சுரண்டி வாருங்கள். மண் பாரத்தோடு இழுத்தால் பாய் நிற்காது. அடுத்து, பாயை மண்ணில் பிடித்திருக்கும் கம்பி முளைகளைப் பிடுங்கி எண்ணி வையுங்கள். ஒன்று தவறினாலும் காலில் ஏறும்.

பிறகு பாயைக் கூர்மையான அரிவாளால் இரண்டு முழ அகலப் பட்டைகளாக அறுங்கள். பட்டையை மேல்நோக்கி வெடுக்கென்று இழுக்காமல், பாய் சுருட்டுவது போலத் தரையோடு தரையாக மெல்லச் சுருட்டிக்கொண்டு போங்கள். வேர் துளைத்து வந்த இடத்தில் வேரை வெட்டாதீர்கள். சுற்றிலும் பாயை வெட்டிக் கழற்றுங்கள். செடியின் தூரில் ஒரு சாண் வட்டத்தைக் கடைசியாகக் கையால் எடுக்க வேண்டும். குழந்தை தலையில் சிக்கெடுக்கிற பொறுமை வேண்டும்.

ஒரே நாளில் செடியின் இரண்டு பக்கமும் எடுக்காதீர்கள். ஒரு பக்கம் இன்றைக்கு, மறுபக்கம் பதினைந்து நாள் கழித்து. வெளியே தெரியும் வெள்ளை வேர்களை வெயிலில் விடாமல், அன்றைக்கே தொழு உரமும் மண்ணும் போட்டு மூடி, இலேசாகத் தண்ணீர் விடுங்கள். துண்டு துணுக்கைப் பொறுக்கி முடிக்கும் வரை கலப்பையோ ரோட்டவேட்டரோ உள்ளே போகக் கூடாது.

தக்காளி, மிளகாய்ப் பாத்தியில் போடும் மெல்லிய மல்ச்சிங் ஷீட்டுக்கும் இதே கதைதான். அறுவடை முடிந்ததும் செடியைப் பிடுங்கி, சொட்டுநீர்க் குழாயை எடுத்து, உழவுக்கு முன்பே ஷீட்டைச் சுருட்டுங்கள். சீனாவில் பல வருஷம் மிக மெல்லிய ஷீட்டைப் போட்டு, எடுக்க முடியாமல் உழுதே புதைத்தார்கள். நிலமெல்லாம் பிளாஸ்டிக் துண்டு சேர்ந்த பிறகு, 2018 மே மாதம் முதல் 10 மைக்ரானுக்குக் குறைந்த ஷீட் கூடாது என்று விதி கொண்டுவந்தார்கள். மெல்லிய ஷீட் வாங்கும்போது மலிவு, எடுக்கும்போதுதான் அதன் விலை தெரியும்.

எடுத்த பாயை என்ன செய்வது?

வரப்பில் போட்டுத் தீ வைக்காதீர்கள். வெள்ளைக்கல் குப்பைக் கிடங்கைப் பக்கத்தில் வைத்திருக்கிற நமக்குப் புகையைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டாம். மண் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பழைய சாமான் வியாபாரி தொட யோசிப்பார். எனவே காயவைத்து, உதறி, கட்டுக் கட்டுங்கள். பாயும் ஷீட்டும் வேறு வேறு பிளாஸ்டிக். கலக்காமல் தனித்தனியாகக் கட்டினால்தான் மறுசுழற்சிக்கு ஆகும். வியாபாரி வாங்கவில்லையென்றால் மாநகராட்சித் தூய்மைப் பணியாளரிடம் தனிக் கட்டாகக் கொடுங்கள்.

ஆடு மாடு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வார்த்தை. புல்லோடு போகிற பிளாஸ்டிக் மாட்டின் இரைப்பையில் செரிக்காது, தங்கிச் சேர்ந்துகொண்டே இருக்கும். தை முதல் நாள் வாடிவாசலில் அவிழ்க்கப் பிள்ளை மாதிரி வளர்க்கும் காளையை, கிழிந்த பாய் கிடக்கும் கொல்லையில் மேய விடலாமா? பொறுக்கி முடிக்கும் வரை கட்டியே தீனி போடுங்கள்.

"சரி, பாயை எடுத்துவிட்டால் களைக்கு என்னங்க வழி?" என்று கேட்பீர்கள். பாய் எடுத்த மண் வெறுமையாக இருந்தால் பத்தே நாளில் களை மூடும். கோரையைக் கிழங்கோடு தோண்டி எடுத்து வெயிலில் காயப்போடுங்கள். பிறகு வாழைச் சருகு, கரும்புச் சோகை, வைக்கோல், எது மலிவோ அதை நாலு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். தூரில் ஒட்டாமல் ஒரு சாண் விலக்கிப் போட வேண்டும். கறையான் வருகிறதா என்று அவ்வப்போது புரட்டிப் பாருங்கள். வரிசை நடுவே சணப்பையோ தக்கைப்பூண்டையோ விதைத்து, பூக்கிற தருணத்தில் அறுத்து அங்கேயே போட்டாலும் நல்ல மூடாக்கு. இதுவும் மக்கும், திரும்பப் போட வேண்டியதுதான். ஆனால் மக்கினது மண்ணுக்கு எருவாகும். எடுக்கிற வேலை யாருக்கும் கிடையாது.

நம் மதுரை மல்லிக்கு 2013-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. பேர் பூவுக்கு வந்தாலும் பெருமை மண்ணுக்கும் சேர்த்துத்தான். அந்த மண்ணை நம் பிள்ளைகள் கையில் கொடுக்கும்போது அதில் கறுப்பு நூல் வராமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு. வருகிற கார்த்திகையில் ஒரு வரிசையிலாவது தொடங்குங்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலரைக் கேளுங்கள்.