'எக் டைமர்' டெஸ்ட்டை எவ்வளவு நம்பலாம்?

"குழந்தை பெத்துக்க உங்களுக்கு இன்னும் எத்தனை வருஷம் இருக்கு? ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை போதும்." இந்த மாதிரி தலைப்பு, விளம்பரம் எல்லாம் இப்போ சகஜம். இங்கிலீஷ் பத்திரிகைகள் இதுக்கு வெச்ச பட்டப்பேர் 'எக் டைமர்'. டெஸ்ட்டோட பேர் ஏ.எம்.ஹெச்.

சினைப்பையில வளர ஆரம்பிக்கிற சின்னச் சின்ன நுண்பைகள் சுரக்கிற ஹார்மோன் இது. முட்டைக் கையிருப்பு எவ்வளவுன்னு குத்துமதிப்பா சொல்லும். ஐ.வி.எஃப். செய்யறவங்களுக்கு நிஜமாவே உதவும். ஊசி போட்டா எத்தனை முட்டை கிடைக்கும்னு டாக்டர் கணிக்கலாம். அதுவரைக்கும் சரி.

செய்தி இங்கிருந்து ஒரு தாவு தாவுது: முட்டை கம்மி, அதனால கர்ப்பமாகறது கஷ்டம். கேட்க லாஜிக்காத்தான் இருக்கு. ஆனா இயற்கையா கருத்தரிக்க மாசம் ஒரு முட்டை போதுமே! குடோன்ல எத்தனை மூட்டை அரிசி இருக்குங்கிறது வேற, இன்னிக்குச் சோறு வேகுமாங்கிறது வேற.

இதை நேரடியாவே சோதிச்சுப் பார்த்தாங்க. அமெரிக்காவின் நார்த் கரோலினாவுல ஆன் ஸ்டெய்னர் குழு செஞ்ச ஆய்வு, 2017-ல 'ஜாமா' இதழ்ல வந்தது. 30 முதல் 44 வயசு வரைக்கும் 750 பெண்கள். யாருக்கும் குழந்தையின்மைப் பிரச்சினை இருந்ததில்லை, அப்பதான் முயற்சி பண்ண ஆரம்பிச்சவங்க. 12 மாதவிடாய் சுழற்சிக்குள்ள கர்ப்பமாகும் வாய்ப்பு, ஏ.எம்.ஹெச். கம்மியா இருந்தவங்களுக்கு 84 சதவீதம், நார்மலா இருந்தவங்களுக்கு 75. உடனே 'கம்மியா இருந்தா நல்லது'ன்னு கிளம்பிடாதீங்க. அந்த வித்தியாசம் தற்செயலா வரக்கூடியதுதான். இன்னொண்ணு, அவங்க பார்த்தது கருத்தரிச்சாங்களான்னு மட்டும்தான், குழந்தை பிறந்துச்சான்னு இல்ல.

அதனால இப்படி ஒரு செய்தி வந்தா நான் முதல்ல தேடறது, யாரை டெஸ்ட் பண்ணாங்கன்னுதான். கருத்தரிப்பு மையத்துக்கு ஏற்கெனவே போனவங்களையா, சும்மா இருக்கறவங்களையா? எண்ணினது முட்டையையா, கர்ப்பத்தையா? பாதி தலைப்புகள் இங்கேயே படுத்துடும். குழந்தையின்மை இல்லாத பெண்களுக்கு எதிர்காலம் சொல்ல இந்த டெஸ்ட்டைப் பயன்படுத்தாதீங்கன்னு அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் அமைப்பே 2019-ல சொல்லிடுச்சு.

ரிப்போர்ட்ல 'லோ'ன்னு பார்த்துட்டு 27 வயசுல ஒருத்தி அவசரமா கல்யாணம் பண்ணலாம், முட்டையை உறைய வைக்க லட்சக்கணக்குல கடன் வாங்கலாம். கருத்தடை மாத்திரை சாப்பிட்டாலே அந்த நம்பர் தற்காலிகமா இறங்கும்ங்கிறதை விளம்பரம் சொல்லாது. எனக்கு இதைவிடப் பயம் எதிர்ப்பக்கம்தான். 38 வயசுல 'நார்மல்'னு பார்த்து நிம்மதியா தள்ளிப்போடறவங்க. வயசோட முட்டையின் தரம் குறையும், அது இந்த டெஸ்ட்டுல தெரியவே தெரியாது.

மாதவிடாய் தாறுமாறா வருதா, அம்மாவுக்கு 45-க்கு முன்னாடியே நின்னுடுச்சா, கீமோ எடுத்திருக்கீங்களா? டாக்டரைப் பாருங்க. முயற்சி பண்ணி ஒரு வருஷம் ஆகியும் நிக்கலைன்னாலும் போங்க. 35 தாண்டியிருந்தா ஆறு மாசத்துலயே போயிடுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.