மெலிவின் விலை



2008ஆம் ஆண்டு தை மாதத்திலே, அப்பிள் நிறுவனத் தலைவர் ஸ்ரீவ் ஜொப்ஸ் கடித உறையொன்றினுள்ளிருந்து ஒரு மடிக்கணினியை எடுத்துக் காட்டினார். நிறை 1.36 கிலோகிராம். அவையோர் வியந்தனர். ஆனால், அம்மெலிவுக்காக இறுவட்டுச் செலுத்தி நீக்கப்பட்டது. யூஎஸ்பி துவாரம் ஒன்றே எஞ்சியது. நினைவகமோ பலகையோடு பற்றாசு வைத்து ஒட்டப்பட்டது.

2015இல் அந்நிறுவனம் வெளியிட்ட மக்புக் 1 கிலோகிராமிலும் குறைவு. அதில் விசிறியே இல்லை. ஓசையில்லை என்பது உண்மைதான். எனினும், சூடு மிகுந்தால் அத்தகைய கருவி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

பஸ்ஸிலே நின்றபடி விரிவுரைக்குச் செல்லும் நமக்கு அரைக் கிலோ குறைவதும் பெரும் ஆறுதலே. அதை மறுப்பார் யார்? ஆயினும், பெற்றோர் பணத்தில் ஒருமுறையே வாங்கும் நாம், பட்டம் பெறும்வரை அப்பொருள் உழைக்குமா என்றும் எண்ணவேண்டாமா? பின்னர் நினைவகத்தைக் கூட்ட முடியாதெனின், வாங்கும் நாளிலேயே போதியதைக் கேட்டு வாங்குவோம். மின்கலம் மாற்ற என்ன செலவாகும் என்பதையும் கடைக்காரரிடம் விசாரிப்போம்.

தோளிலே சுமை குறைந்தால் மட்டும் போதாது. அது வீட்டார் தலையில் ஏறாமலும் இருக்கவேண்டும்.