குழப்படிக்கும் ஓர் எல்லை



தமிழாசிரியர் ஒருவரின் நினைவாக நடக்கும் சொற்பொழிவு இது. வகுப்பறையில் நாள்தோறும் ஒலிக்கும் ஒரு சொல்லையே பொருளாக எடுத்துக்கொண்டேன்: குழப்படி.

தமிழ்நாட்டில் பிள்ளை செய்வது குறும்பு, சேட்டை; இலங்கைத் தமிழரான எங்களுக்கு அது குழப்படி. எங்களிடமும் சேட்டை உண்டு. ஆனால் வளர்ந்த ஒருவர் “என்னோட சேட்டை விடாதை” என்றால் அடுத்தது கைகலப்பாகவும் இருக்கலாம். குழப்படியில் அந்த மிரட்டல் இல்லை. குழப்பு என்ற வினையின் வழி வந்தது அது. ஒழுங்காக இருப்பதைக் கலைத்துவிடுவதே அதன் அடிப்பொருள். கலைந்ததைத் திரும்ப ஒழுங்காக்கலாம் என்பதால்தான் அந்தச் சொல்லில் கடுமை குறைவு.

பிள்ளை குழப்படி செய்யும், குழப்படி விடும்; சிலவேளை பிள்ளையே குழப்படியாகிவிடும். “மகன் எப்பிடி?” என்றால், “ஐயோ, சரியான குழப்படி” என்பாள் தாய். முறைப்பாடுதான், ஆனால் முகத்தில் பெருமை. பிள்ளை ஒருநாள் சத்தமில்லாமல் கிடந்தால் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பவளும் அவளே. அதே சொல்லைப் பெற்றார் கூட்டத்தில் ரீச்சர் சொன்னால் மட்டும் அவளுக்குச் சுருக்கென்கிறது.

வயதும் செயலும் மாறும்போது சொல்லும் மாறவேண்டும். பொறுப்பில்லாமல் ஊர் சுற்றியவனைக் காவாலி என்றோம். ஊரை மிரட்டியவனைச் சண்டியன் என்றோம். 1958இலும் 1983இலும் தமிழர் வீடுகளுக்குத் தீ வைத்தவர்களைக் காடையர் என்றோம். எவரும் அவர்களைக் குழப்படிக்காரர் என்று சொல்லவில்லை.

பகிடி என்ற சொல்லுக்கு நேர்ந்ததைப் பாருங்கள். பகிடி என்றால் வேடிக்கை. பல்கலைக்கழகங்களில் புதுமுக மாணவரைத் துன்புறுத்தியவர்கள் அதைப் பகிடி என்றே சொல்லிக்கொண்டார்கள். இலங்கைத் தமிழ் அதனோடு ‘வதை’யைச் சேர்த்துப் பகிடிவதை என்றது. 1997இல் பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் மாணவர் ஒருவர் பகிடிவதைக்குப் பின் உயிரிழந்தார். அடுத்த ஆண்டே, 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைக் குற்றமாக்கியது. பகிடிவதை செய்தவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை; கடுங்காயம் விளைவித்தால் பத்து ஆண்டு வரை. வேடிக்கை என்ற சாட்டு அதன் பிறகு செல்லாது.

குழப்படிக்கும் அப்படியோர் எல்லை வேண்டும். வாளோடு பிடிபட்ட இளைஞனுக்காக “சின்னப் பெடியன், கொஞ்சம் குழப்படி” என்று பரிந்து பேசுகிறவர், வெட்டுப்பட்டவனின் காயத்தைச் சிறிதாக்குகிறார். வகுப்பில் கதைத்த ஏழு வயதுப் பிள்ளையைக் காவாலி என்று ஏசுகிறவரோ, அவன் செய்யாத குற்றத்தை அவன்மேல் சுமத்துகிறார். முன்னதில் குற்றவாளி தப்புகிறான். பின்னதில் பிள்ளை கெட்டுப்போகிறான். இரண்டுக்கும் இடையில் சரியான சொல்லைத் தேர்ந்து சொல்வது பெற்றாருக்கும் ஆசிரியருக்கும் உள்ள கடமை. தமிழ் படிப்பித்த ஒருவரின் பெயரால் கூடியிருக்கும் அவையில் இதை வற்புறுத்திச் சொல்ல எனக்கு உரிமை உண்டென்று நம்புகிறேன்.