பதினைந்தாம் ஆண்டில் முழங்கால்: குருத்தெலும்பு ஒட்டு அறுவை மாநாட்டுத் தலைமை உரை



ஒட்டு வைக்கும் நுட்பங்களைப் பற்றி இங்கே பல அமர்வுகள் இருக்கின்றன. அவற்றை அந்தந்தத் துறையில் கைதேர்ந்தவர்கள் பேசுவார்கள். நான் பேச விரும்புவது, ஒட்டு வைத்த முழங்கால் பத்து, பதினைந்து ஆண்டு கழித்து என்ன ஆகிறது என்பதைப் பற்றி.

அழிந்த குருத்தெலும்பு மீண்டும் வளர்வதில்லை என்பதை வில்லியம் ஹன்டர் 1743இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் எழுதிவிட்டார். முழங்காலில் பெரும்பாலும் 2 முதல் 4 மில்லிமீட்டர் தடிமனே உள்ள இந்தத் திசுவில் இரத்தக் குழாய் இல்லை, நரம்பும் இல்லை. இரத்தம் வராததால் புண் ஆறும் வேலை தொடங்குவதே இல்லை. நரம்பு இல்லாததால், காயம் ஆழமாகி அடி எலும்பை எட்டும்வரை பலருக்கு வலியும் தெரிவதில்லை. 1997இல் 31,516 மூட்டு உள்நோக்குச் சிகிச்சைகளைத் தொகுத்துப் பார்த்தபோது 63 விழுக்காட்டு முழங்கால்களில் ஏதோ ஒரு அளவு குருத்தெலும்புச் சேதம் இருந்தது. அவை எல்லாவற்றுக்கும் அறுவை தேவை என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். கண்ணில் பட்ட சேதம் வேறு, நோயாளியின் வலிக்குக் காரணமான சேதம் வேறு.

ஹன்டர் சொன்ன தடையைத் தாண்ட நம் முன்னோடிகள் பல வழிகளில் முயன்றார்கள். பிரிஸ்டலில் பிரிடி 1959இல் அடி எலும்பைத் துளையிட்டு இரத்தத்தை வரவழைத்தார். அமெரிக்காவில் ஸ்டெட்மன் 1980களில் அதையே நுண்துளை முறையாகச் செம்மைப்படுத்தினார். அதில் வளர்வது பெரும்பாலும் நார்க்குருத்தெலும்பு. இயல்பானதன் உறுதி அதற்கு இல்லை. 1992இல் புடாபெஸ்டில் ஹங்கோடி, அதே முழங்காலில் பாரம் குறைவாக விழும் இடத்திலிருந்து எலும்போடு சேர்ந்த சிறு குருத்தெலும்பு உருளைகளை எடுத்துக் காயத்தில் பதித்தார். காயம் பெரிதானால் எடுப்பதற்கு இடம் போதாது. அங்கேதான் டொரன்டோவில் ஆலன் கிராஸ் 1972 முதல் வளர்த்தெடுத்த கொடையாளி ஒட்டு கைகொடுக்கிறது.

ஸ்வீடனின் கோதன்பர்க்கில் பீட்டர்சனும் பிரிட்பெர்கும் வேறொரு பாதை எடுத்தார்கள். நோயாளியின் குருத்தணுக்களைச் சிறிது எடுத்து, ஆய்வகத்தில் பெருக்கி, எலும்புறைத் துண்டுக்கு அடியில் செலுத்தினார்கள். இதுதான் அணு ஒட்டு. முதல் நோயாளிக்கு 1987இல் செய்தார்கள். 23 பேரின் முடிவை 1994இல் வெளியிட்டபோது, தொடை எலும்பு முனையில் காயம்பட்ட 16 பேரில் 14 பேருக்கு நல்ல பலன் கிடைத்திருந்தது. முழங்கால் சில்லில் காயம்பட்ட 7 பேரிலோ 2 பேருக்குத்தான். அந்த இரண்டாவது எண்ணையும் மறைக்காமல் அச்சிட்டதற்காக அவர்களை நான் பெரிதும் மதிக்கிறேன். சில்லில் ஒட்டு வைக்கும்போது சில்லு நகரும் தடத்தையும் சரிசெய்ய வேண்டும் என்ற கவனம் நமக்கு வந்தது இப்படிப்பட்ட நேர்மையால்தான்.

இப்போது நார்வேக்கு வருகிறேன். அங்கே 80 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, 40 பேருக்கு அணு ஒட்டும் 40 பேருக்கு நுண்துளையும் செய்தார்கள். இரண்டாம் ஆண்டில் அணு ஒட்டு முந்தவில்லை. ஐந்தாம் ஆண்டிலும் முந்தவில்லை. அத்தோடு நிறுத்தாமல் அதே நோயாளிகளைப் பதினான்கு, பதினைந்து ஆண்டு தொடர்ந்து பார்த்து 2016இல் எழுதினார்கள். அணு ஒட்டில் 17 பேருக்கும் நுண்துளையில் 13 பேருக்கும் சிகிச்சை தோற்றிருந்தது. அந்த வேறுபாடு புள்ளியியல்படி பொருட்படுத்தத்தக்கதல்ல. பெருஞ்செலவில், இரண்டு அறுவைகளில் செய்த சிகிச்சை, ஒரே அறுவையில் முடிந்த எளிய சிகிச்சையை வெல்லவில்லை.

அதனால் அணு ஒட்டு வீண் என்று சொல்ல மாட்டேன். அணுக்களைக் கொலாஜன் படலத்தில் விதைத்து வைக்கும் புதிய முறை, 3 சதுர சென்டிமீட்டருக்குக் குறையாத காயங்களில் நுண்துளையை விட வலியிலும் இயக்கத்திலும் மேலான பலன் தந்ததை 2014இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு காட்டியது. லித்துவேனியாவில் இளம் விளையாட்டு வீரர்களைப் பத்தாண்டு தொடர்ந்த ஆய்வில் உருளை ஒட்டு நுண்துளையை முந்தியது. ஆக, எந்த முழங்காலுக்கு எந்த ஒட்டு என்பதே கேள்வி. காயத்தின் அளவு, அடி எலும்பின் நிலை, கால் அச்சு, தசைநார், மூட்டுச் சவ்வு ஆகிய எல்லாவற்றையும் பார்த்த பிறகே விடை கிடைக்கும். கால் வளைந்திருக்க ஒட்டு மட்டும் வைப்பது, சரிகிற சுவருக்குப் புதுப் பூச்சு பூசுவதாகும். வளைவைத் திருத்தும் எலும்பு அறுவையை நோயாளி ஏற்க மறுத்தால், ஒட்டையும் செய்யாமல் விடும் துணிவு நமக்கு வேண்டும்.

இயன்முறை மருத்துவர்களுக்கு ஒரு வார்த்தை. பல ஒட்டுகளில் முதல் ஆறு வாரம் காலில் முழுப் பாரம் ஊன்றக் கூடாது. ஆனால் மூட்டு அசைந்துகொண்டே இருக்க வேண்டும். ஓட்டமும் தாவலும் ஓராண்டை ஒட்டித்தான். அந்தக் காலத்துக்குக் கூலி வேலையை விட முடியாதவருக்கு இந்த அறுவையைப் பரிந்துரைக்கும் முன் அவர் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுங்கள்.

இன்னொன்று. உலகெங்கும் நாம் பயன்படுத்தும் முழங்கால் மதிப்பெண் படிவங்கள் குந்துவதையும் மண்டியிடுவதையும் கேட்கின்றன. சம்மணமிடுவதைக் கேட்பதில்லை. நம் நோயாளி பந்தியில் தரையில் உட்கார்ந்து சாப்பிட முடிகிறதா என்பது அவருக்கு முக்கியம். அதையும் நாம் எழுதி வைக்க வேண்டும்.

இந்த மாநாட்டிடம் நான் கேட்பது ஒரு பொதுப் பதிவேடு. ஒட்டு வைத்த ஒவ்வொரு முழங்காலையும், தோற்றவற்றையும் சேர்த்து, அதில் பதியுங்கள். இரண்டு, ஐந்து, பத்து, பதினைந்தாம் ஆண்டுகளில் நோயாளியைத் திரும்ப அழைத்துப் பாருங்கள். மாநாடு முடிவதற்குள் அதற்கான படிவத்தை ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொண்டு, மாநாட்டைத் தொடங்கி வைக்கிறேன்.