சீனப் பெண்டிர்: பாதி வானமும் முழுச் சுமையும்

பத்தாண்டு நிறைவு காணும் இவ்வட்டத்தில் சீனப் பெண்டிரைப் பற்றிப் பேச வந்துள்ளேன். கவிஞர் கூடிய அவையாதலின், ஓர் எழுத்து முறையிலிருந்து தொடங்குகிறேன்.

சீனத்தின் ஹூனான் மாநிலத்தில் ஜியாங்யோங் என்றொரு வட்டாரம் உண்டு. கல்வி மறுக்கப்பட்ட அவ்வட்டாரப் பெண்கள் தமக்கெனத் தனி எழுத்தொன்றைப் பேணி வந்தனர். 'நூஷு' என்பது அதன் பெயர். பெண்ணெழுத்து என்பது பொருள். மணமாகிப் பிரிந்து சென்ற தோழிக்கு, மூன்றாம் நாளன்று, துணி அட்டையிட்ட ஏட்டில் தம் பிரிவுத் துயரைப் பாடலாக எழுதி அனுப்பினர். மரபு வழியில் அதனைக் கற்றிருந்த யாங் ஹுவான்யி மூதாட்டி 2004ஆம் ஆண்டில் மறைந்தார். ஆடவர் அறியாத எழுத்தில்தான் பெண் தன் மனத்தைத் திறக்க முடிந்தது என்பதே அன்றைய சமுதாய நிலையை உணர்த்தும்.

1949இல் புரட்சி வென்றது. 1950ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் கட்டாய மணத்தை விலக்கியது. பெண்ணுக்கு மணவிலக்கு உரிமையும் தந்தது. 'வானத்தின் பாதியைத் தாங்குவோர் பெண்கள்' என்ற முழக்கமும் எழுந்தது. இவை சிறிய பேறுகள் அல்ல. ஆயினும், கூட்டுப் பண்ணையில் ஒரு நாள் உழைப்புக்கு ஆண் பத்துப் புள்ளி பெற்றால், பெண் பெரும்பாலும் ஏழோ எட்டோதான் பெற்றாள். வீடு திரும்பியபின் அடுப்பும் தொட்டிலும் அவளுக்கே. அவ்வுழைப்புக்குப் புள்ளியே இல்லை!

1978க்குப் பின் வந்த பொருளாதாரச் சீர்திருத்தம் சிற்றூர்ப் பெண்களைக் கடலோரத் தொழிற்சாலைகளுக்கு அழைத்து வந்தது. 1993 நவம்பரில் ஷென்சென் நகரப் பொம்மைத் தொழிற்சாலை ஒன்றில் தீ மூண்டபோது, பூட்டிய கதவுகளுக்குள் சிக்கி 87 பேர் மாண்டனர், பெரும்பாலோர் இளம்பெண்கள். கற்றவர் நிலையும் முற்றும் வேறன்று. 1994இல் இயற்றப்பெற்ற தொழிலாளர் சட்டம் சமத்துவம் பேசிற்று. வேலை விளம்பரங்களோ 'ஆண்கள் மட்டும்' என்றன. 'மணமாயிற்றா? குழந்தை எப்போது?' என்று நேர்காணலில் வினவுவதைத் தடுக்க, 2023இல் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டம் தேவைப்பட்டது. பணி ஓய்விலும் வேறுபாடே. 2024 வரை ஆணுக்கு 60 வயதாக இருந்தது. பெண்ணுக்கு 50 அல்லது 55. 2025 முதல் இவ்வயது வரம்புகள் படிப்படியாக உயர்கின்றன. ஆயினும் ஏற்றத்தாழ்வு மறையவில்லை.

இந்நிலையில்தான் கவிதை தன் கடமையைச் செய்தது. சிச்சுவான் மாநிலச் சிற்றூரில் பிறந்து, டோங்குவான் நகரத் தொழிற்சாலையில் உழைத்தவர் செங் சியாவ்சியோங். அங்கே தொழிலாளர் பெயரிழந்து வெறும் எண்ணாகி நின்றதை அவர் கண்டார். பெண் தொழிலாளரைப் பற்றி அவர் 2012இல் வெளியிட்ட கவிதை நூலில், பல கவிதைகளுக்கு ஒரு பெண்ணின் பெயரே தலைப்பு.

மறைவெழுத்தில் அழுத பெண், இன்று ஊரறியத் தன் தோழியின் பெயரை எழுதுகிறாள். சட்டம் உரிமையை வழங்கலாம். அது தொழிற்சாலை வாயிலைக் கடந்து உள்ளே சென்றதா என்று கேட்பவர் வேண்டும். கவிஞர்களே, அந்தக் கேள்வி உங்களுடையது. பெண்ணை நிலவென்றும் மலரென்றும் பாடியது போதும். அவள் பெயரைக் கேட்டு எழுதுங்கள் என வேண்டி அமைகிறேன்.