அச்சில் ஏறும் கணக்கும் நம்ம கணக்குதான்

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் அலுவலகக் கணக்குப் பணியாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



கம்ப்யூட்டரில் இருக்கும் கணக்கை ஆண்டறிக்கைப் புத்தகத்தில் ஏற்றுவது பற்றிப் பேசச் சொன்னார்கள். "அது ஆபீஸ் வேலை, நமக்கு எதுக்கு?" என்று நினைக்காதீங்க. அந்த வேலையில் நான் செய்த ஒரு தவறால் நம்ம குழு ஒன்று ஒரு மாதம் கஷ்டப்பட்டது. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில், கணக்கு எந்த வழியாகப் போகிறது என்று பார்ப்போம். குழுக் கூட்டத்தில் ரொக்கப் பதிவேட்டில் எழுதுகிறீர்கள். அது மாத அறிக்கையாக எங்களிடம் வருகிறது. நாங்கள் அதை எக்செல் என்கிற கட்டம் போட்ட பேரேட்டில் ஏற்றுகிறோம். இந்தப் பேரேட்டில் கூட்டல் தானாக நடக்கும். ஒரு தொகையைத் திருத்தினால் கூட்டுத்தொகையும் மாறும், அதை வைத்து வரைந்த படமும் மாறும். 1979-ல் அமெரிக்காவில் டான் பிரிக்லின், பாப் ஃபிராங்ஸ்டன் என்ற இருவர் விசிகால்க் என்று இப்படி ஒரு மென்பொருளைக் கொண்டுவந்தார்கள். ஒரு எண்ணைத் திருத்தினால் பக்கம் முழுக்க அழித்து அழித்துக் கூட்ட வேண்டியிருக்கிறதே, அந்தத் தொல்லை தீரத்தான் அது.

வருஷக் கடைசியில் இந்த அட்டவணையை எடுத்து, அச்சுக்குப் போகும் பக்கத்தில் ஒட்டுகிறோம். கவனிக்க வேண்டிய இடம் இதுதான். ஒட்டினவுடன் அந்த அட்டவணை பேரேட்டிலிருந்து பிரிந்துவிடுகிறது. குழந்தையை போட்டோ எடுத்துச் சுவரில் மாட்டுகிறோம். குழந்தை வளரும், போட்டோ வளருமா? அதே மாதிரிதான். அதற்குப் பிறகு எக்செலில் என்ன திருத்தினாலும் பக்கத்தில் பழைய எண்தான் நிற்கும்.

என் தவறும் அதுதான். சில வருஷம் முன்பு ஒரு குழுவுக்கு 18,000 ரூபாய் தவணை நிலுவை இருந்தது. மார்ச் 30-ம் தேதி அந்தக் குழு முழுத் தொகையையும் கட்டியது. ரசீது போட்டது நான்தான். ஆனால் எக்செலில் பதிய நாலு நாள் ஆகிவிட்டது. அதற்கு முந்தின நாளே, அச்சகத்தில் அவசரப்படுத்தியதால், அட்டவணையை எடுத்துப் பக்கத்தில் ஒட்டியிருந்தேன். எக்செலில் நிலுவை பூஜ்யம் ஆனது. புத்தகத்தில் 18,000 அப்படியே அச்சாகி வந்தது, 'தவணை தவறிய குழுக்கள்' என்ற தலைப்பின் கீழே!

அந்தப் புத்தகம் வங்கிக்கும் போனது. குழுவின் அடுத்த கடன் மனுவை நிறுத்தி வைத்துவிட்டார்கள். ரசீது நகலும் கடிதமும் கொடுத்துச் சரிசெய்ய ஒரு மாதம் ஆனது. பள்ளிக்கூடம் திறக்கிற நேரம் அது. இரண்டு உறுப்பினர்கள் வெளியே வட்டிக்கு வாங்கிவிட்டார்கள். அந்த வட்டிக்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்?

அந்தக் குழுவின் ஊக்குநர் அக்கா ஒரு கையில் ரசீதும் ஒரு கையில் புத்தகமுமாக ஆபீசுக்கு வந்தார். கோபப்படவே இல்லை. "ஏம்மா, ரசீதும் நீ எழுதினது, புத்தகமும் நீ போட்டது. இதில எதை நாங்க நம்பறது?" என்று மட்டும் கேட்டார். இன்றைக்கும் அட்டவணை ஒட்ட உட்கார்ந்தால் எனக்கு அந்தக் கேள்விதான் ஞாபகம் வரும்.

"எண் மாறினால் பக்கத்திலும் மாறுகிற மாதிரி இணைப்புக் கொடுக்க முடியாதா?" என்று படித்த தங்கச்சிகள் கேட்பீர்கள். முடியும். ஆனால் பக்கத்தை மட்டும் பென் டிரைவில் போட்டு அச்சகத்துக்கு எடுத்துப் போனால், எக்செல் கோப்பு இங்கேயே தங்கிவிடும். அங்கே கடைசியாக இருந்த எண்தான் அச்சாகும். அதனால் இணைப்பு இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொள்ள முடியாது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. எக்செல் அட்டவணையை ஒரு விதமாக ஒட்டினால், கண்ணுக்குத் தெரிகிற கட்டம் மட்டும் இல்லாமல் அந்தக் கோப்பு முழுவதுமே உள்ளே ஒளிந்து போகும். வாங்குகிறவர் அட்டவணை மேல் இரண்டு தடவை சொடுக்கினால் போதும், யார் யாருக்கு எவ்வளவு கடன், யார் பாக்கி என்று எல்லாத் தாளும் திறந்துவிடும். உங்கள் வீட்டுக் கடன் விவரம் ஊருக்கெல்லாம் போகலாமா? அதனால் வெளியே அனுப்புகிற அறிக்கையில் அட்டவணையை வெறும் எண்ணாகவோ படமாகவோதான் ஒட்ட வேண்டும்.

படமாக ஒட்டினாலும் கவனம் வேண்டும். திரையில் தெரிவதை அப்படியே பிடித்து, இழுத்துப் பெரிதாக்கினால் எழுத்து மங்கிவிடும். 3-க்கும் 8-க்கும் வித்தியாசம் தெரியாது. கட்டத்தின் அகலம் போதாவிட்டால் தொகை இருக்க வேண்டிய இடத்தில் வேலி அடைத்த மாதிரி வெறும் குறிகள்தான் வரும். பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த குழுப் பெயர்களை வேறு எழுத்துருவுக்கு மாற்றினால் பெயரே புரியாத கிறுக்கலாகிவிடும். 2010-ல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டது. அந்த முறையில் அடித்தால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் நம்ம பழைய கோப்புகள் பல இன்னும் பழைய எழுத்துருவில்தான் இருக்கின்றன.

இனி வரைபடத்துக்கு வருகிறேன். தூண் தூணாக நிற்கும் படத்தைப் பார்த்துக் கைதட்டுகிறோம். போன வருஷச் சேமிப்பு 4,80,000, இந்த வருஷம் 5,00,000 என்று வையுங்கள். உயர்வு நூற்றுக்கு நாலு ரூபாய்க்குச் சற்றே அதிகம். ஆனால் அடிக்கோடு பூஜ்யத்தில் தொடங்காமல் 4,60,000-ல் தொடங்கினால், இரண்டாவது தூண் முதல் தூணைப் போல இரண்டு மடங்கு உயரமாக நிற்கும். எண்ணில் பொய் இல்லை, ஆனாலும் பார்க்கிற கண் ஏமாந்து போகும். தூண் படம் என்றால் அடிக்கோட்டில் பூஜ்யம் இருக்க வேண்டும். இன்னொன்று, கம்ப்யூட்டரில் சிவப்பும் பச்சையுமாக இருக்கிற தூண்கள் கறுப்பு வெள்ளையில் அச்சடித்தால் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். ஒவ்வொரு தூண் மேலும் தொகையை எழுதிவிட்டால் குழப்பம் இல்லை.

தொகையை லட்சத்தில் சுருக்கிப் போடும்போதும் ஒரு சந்தேகம் வரும். மூன்று குழுவுக்குத் தலா 1,24,000 ரூபாய் என்றால் மொத்தம் 3,72,000. சுருக்கிப் போட்டால் 1.2, 1.2, 1.2, மொத்தம் 3.7 என்று வரும். கூட்டிப் பார்த்தால் 3.6-தானே வருகிறது! இதில் யாரும் பணத்தை எடுக்கவில்லை. ஆனால் சுருக்கியது பற்றி அட்டவணையின் கீழே ஒரு வரி எழுத வேண்டியது எங்கள் கடமை. எழுதவில்லை என்றால் கேட்பது உங்கள் உரிமை.

சகோதரிகளே, இந்த வருஷம் அச்சடிக்கும் முன்பு புரூஃப் பக்கம் ஒவ்வொரு குழுவுக்கும் வரும். கம்ப்யூட்டர் தெரியாவிட்டாலும் நீங்கள் இந்த ஐந்தைப் பார்க்கலாம்:

1. உங்கள் குழுவின் பெயர் சரியாக இருக்கிறதா? பெயருக்கு நேரான தொகை உங்களுடையதுதானா, ஒரு வரி மேலோ கீழோ நகர்ந்திருக்கிறதா?

2. 'எந்தத் தேதி நிலவரம்' என்று அட்டவணையின் தலையில் இருக்கிறதா?

3. சேமிப்பு, கடன் நிலுவை, தவணை பாக்கி மூன்றும் அந்தத் தேதியில் உங்கள் பதிவேட்டில் உள்ளபடி இருக்கிறதா?

4. அட்டவணையில் உள்ள தொகையும் படத்தில் உள்ள தொகையும் ஒன்றுதானா?

5. தேதிக்குள் கட்டிய ரசீது ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா?

குழுக் கூட்டத்தில் படிக்கத் தெரிந்தவர் சத்தமாக வாசிக்கட்டும், மற்றவர்கள் பதிவேட்டை வைத்துச் சரிபார்க்கட்டும். தப்பு இருந்தால் பேனாவால் சுழித்து அனுப்புங்கள். சரி என்றால் தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். எல்லாக் குழுவிலிருந்தும் பதில் வந்த பிறகுதான் கடைசி அட்டவணையை ஒட்டுவேன். அச்சகத்தில் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி.

பத்து ரூபாய், இருபது ரூபாயாகச் சேர்த்துக் கட்டிய நல்ல பெயர் நம்முடையது. அது ஒரு பழைய அட்டவணையால் போகக்கூடாது.